வெளியூர் கிளம்பறேன்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தையல்காரியின் புருஷன் ஒரு தடவைகூட அவளிடம் 'வீட்டுக்கு வர்றேன்' என்று சொன்னது கிடையாது. போன் அடிக்கும். எடுத்தால் பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், நடுவில் அவன் குரல். "வெளியூர் கிளம்பறேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவான். இவள் உடனே தலையணைக்கு உறை மாற்றி, முட்டை கூடுதலாக வாங்கிவைத்து, தலையைச் சீவிக்கொள்வாள். வெளியூர் என்றால் இந்த வீடு.

கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்கக் கூடாது, அது அவர்கள் தொழில் சமாச்சாரம். அவன் பாய்லர் வெல்டர். பெரிய ஆலைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்து ஆறவிட்டு, உள்ளே ஆள் இறங்கி, இற்றுப்போன குழாய்களை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைப்பார்கள். ஒரு ஆலை முடிந்தால் அடுத்த ஆலை, ஒரு காண்டிராக்ட் முடிந்தால் அடுத்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாய்லரைத் திரும்பக் கொளுத்துகிற வரைக்கும் 'வீடு' என்ற சொல் எவன் வாயிலும் வரக் கூடாது, எவன் காதிலும் விழக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு ஃபிட்டர், வேலை முடிகிற கடைசி நாளில், "நாளைக்கு இந்நேரம் வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பேன்" என்று குஷியாகச் சொன்னானாம். அன்றைக்கே ஒரு குழாய் பிளந்து, பக்கத்தில் நின்றவனுக்கு முதுகெல்லாம் வெந்துபோயிற்று. அதிலிருந்து வீட்டுக்குப் பேர் வெளியூர். மேஸ்திரி அப்படித்தான் சொல்வார். கேட்டில் உட்கார்ந்து ஆள் எண்ணுகிற டைம்கீப்பரும் அப்படித்தான் சொல்வார். எவனாவது வாய் தவறிச் சொல்லித் தொலைத்தால், கேட்டவனெல்லாம் பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான புதுசில் தையல்காரிக்கு இது தெரியாது. முதல் போனில் அவன் "வெளியூர் கிளம்பறேன்" என்றதும், சரிதான், இன்னும் தூரமாக எங்கேயோ போகிறான் என்று நினைத்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். விடிந்து கதவைத் திறந்தால் பையும் கையுமாக எதிரே நிற்கிறான். "பாவி மனுஷா, சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று அடிக்கவே போய்விட்டாள். "சொன்னேனே" என்றான் அவன். அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான். அப்புறம் போனில் அவளும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். "வெளியூர் எப்ப?" என்றுதான் கேட்பாள்.

இப்படி இருக்கிறவளுக்கு, மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், வரி ஆபீஸிலிருந்து கடிதாசி வந்தது.

அவள் அப்போது மெஷினில் இருந்தாள். ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மொத்தமாக ஓவரால் உடுப்பு தைக்கிற ஆர்டர். தடித்த துணி, ஈரக் காற்றில் இன்னும் விறைத்துக்கொண்டு ஊசியை ஒடிக்கிறது. மூணாவது ஊசியை மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு, பெண்தான் பிரித்துப் படித்தாள். காலேஜ் போகிற பெண், வாய் கொஞ்சம் நீளம்.

"அம்மா, அப்பாவுக்கு வீடே இல்லையாம்."

"என்னடி உளர்ற?"

"நான் உளறலம்மா. கவர்மெண்ட்டு உளறுது. நிலையான வீடு எதுவும் இல்லாதவர்னு போட்டிருக்கு."

தையல்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். சுற்றிப் பார்த்தாள். சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, மூலையில் ஒழுகுகிற இடத்துக்கு வைத்த வாளிகூட இருக்கிறது. இதற்குப் பேர் என்னவாம்? அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஆடிட்டரிடம் போனாள். மருந்துக்கடைக்கு மேலே மாடி அறை. படியெல்லாம் ஈரச் செருப்புத் தடம். ஆடிட்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். சில நேரத்துக்கு அது ஒத்துவராது.

"விஷயம் இதுதாம்மா. வெளியில தங்கி வேலை செய்யறவருக்குச் சம்பளத்துக்கு மேல சாப்பாட்டுப் படி, தங்கல் படின்னு குடுக்கறாங்க இல்ல? அதுக்கு வரி கிடையாது. ஏன்? ஊர்ல ஒரு வீட்டையும் நடத்திக்கிட்டு, போன எடத்துலயும் செலவு பண்ணணும். ரெட்டைச் செலவு. அதனால விட்டுட்டாங்க."

"நாங்களும் ரெட்டைச் செலவுதானே பண்றோம்?"

"அதை அவங்க ஒத்துக்கணுமே. வீடே இல்லாம ஊர் ஊரா சுத்தறவருக்கு, போற எடம்தான் வீடு. நத்தை மாதிரி, வீட்டை முதுகுலயே தூக்கிக்கிட்டுப் போறார்னு வச்சுக்கங்க. அவருக்கு ஏது ரெட்டைச் செலவு? அப்ப அந்தப் படியும் சம்பளம்தான். வரி கட்டுன்னு கேக்கறாங்க. பழைய வருஷத்துக்கெல்லாம் சேர்த்து, அபராதத்தோட."

"நத்தையா? எங்க வீட்டுக்காரரா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கோவப்படாதீங்க."

"அவருக்கு வீடு இல்லன்னு எவன் சொன்னான்?"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க கம்பெனியில விசாரிச்சிருக்காங்க. வேலை முடிஞ்சா இவர் எங்க போவார்னு டைம்கீப்பரைக் கேட்டிருக்காங்க. அந்த ஆளு என்ன சொன்னார் தெரியுமா? 'வெளியூர் போவார்'. லீவு விட்டா? 'வெளியூர்'. நல்ல நாள் பொழுதுக்கு? 'வெளியூர்'. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? சரி, இந்த ஆளு லீவு விட்டாலும் ஊர்தான் சுத்தறான்னு முடிவு கட்டிட்டாங்க."

தையல்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர்கள் விசாரித்த நாளில் அங்கே பாய்லர் கொளுத்தியிருக்கவில்லை. டைம்கீப்பர் பாவம், வேறு என்ன சொல்வார்? கட்டுப்பாட்டை விளக்கிச் சொன்னாள். ஆடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதை எழுதிக் குடுத்தா அங்கயும் சிரிப்பாங்கம்மா. அதுக்கு மேல வீடு உங்க பேர்ல. கரண்டு உங்க பேர்ல. தண்ணி உங்க பேர்ல. அவர் பேர்ல அந்த வீட்டுல ஒரு ஆணிகூட இல்ல."

"அவர் எப்பப் பாத்தாலும் பாய்லர்ல கெடக்கறாரு. ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினது நான். என் பேர்ல இல்லாம யார் பேர்ல இருக்கும்?"

"நியாயம்தான். அதான் ஒரு வழி சொல்றேன், கேளுங்க." குரலைத் தணித்தார். "உங்க வீட்டுல ஒரு ரூம்ல அவர் வாடகைக்கு இருக்கறதா ஒரு ஒப்பந்தம் போட்டுடுவோம். பழைய தேதியில. மாசாமாசம் அவர் உங்களுக்கு அனுப்பற பணத்தை வாடகைன்னு காட்டிடலாம். வாடகைக்கு இருந்தாலும் வீடு வீடுதானே? கேஸ் முடிஞ்சுது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என் புருஷன் எனக்குக் குடித்தனக்காரனா?"

"பேப்பர்லதாம்மா."

"பேப்பர்லயும் வேணாம், பனியன்லயும் வேணாம். நல்லா இருக்கே கதை! குடித்தனக்காரன் வந்தன்னிக்கே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் கூரையில ஏறி ஓட்டை அடைப்பானா? பொண்ணுக்குச் சளி பிடிச்சா ராவெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பானா? ஒரே எடத்துல ஒரு வருஷத்துக்கு மேல இருந்தா அந்தப் படிக்கு வரி உண்டுன்னு போன தடவ நீங்கதானே சொன்னீங்க? அந்தச் சிமெண்ட் ஆலையில அப்படி இருந்தாரு. அதுக்குக் கேக்கட்டும், கட்டறோம். நியாயமானதைக் கட்ட எங்களுக்கு ஒண்ணும் வலிக்கல. வீடு இல்லாதவன்னு சொன்னா கட்டமாட்டேன். அந்த ஆபீஸ்ல யாரையாவது வரச் சொல்லுங்க. வந்து கண்ணால பாக்கட்டும்."

வீராப்பாகப் பேசிவிட்டாளே தவிர, படி இறங்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். பணம் போனால் எது போகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்து, அவனை இங்கேயே இருத்திக்கொள்வதற்கு என்று சேர்த்த பணம் அது. அவனுக்கு முட்டி போய்க்கொண்டிருந்தது. குழாய்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணாடியில் பார்த்துப் பின்பக்கத்தைப் பற்றவைக்கிற வேலை இன்னும் எத்தனை காலம் ஓடும்? கொட்டகைக்காகத் தண்ணீர்த் தொட்டியைக்கூட அவள் நகர்த்தி வைத்துவிட்டாள். அவனுக்கு வீடு இல்லை என்று சொல்லி, அவனை வீட்டுக்குக் கூட்டிவர வைத்திருந்த பணத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சாயங்காலம் போனில் அவனுக்கு விஷயத்தைச் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"உங்களுக்கு... அது... இல்லைங்கறாங்க."

"எது?"

"அதாங்க. வெளியூர்."

அவனுக்குப் புரிந்தது. ஆடிட்டர் சொன்ன யோசனையையும் சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டான்.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலைச்சிடலாமா? பட்டறை நிக்கும்ல?"

"பட்டறை நிக்கும். நீங்க எங்க நிப்பீங்க?" என்று வெடித்தாள். "வாசல்லயா? இருபது வருஷமா நான் தலையணைக்கு உறை மாத்தறது யாருக்கு, குடித்தனக்காரனுக்கா? எந்தப் பய முன்னாலயும் என்னை அப்படிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீங்க. பட்டறை இல்லன்னா போகுது. இன்னும் பத்து வருஷம் நான் துணி தைக்கறேன்."



"சரிம்மா, அழாத" என்றான் அவன். "என் ஜாயிண்ட்டெல்லாம் முடிஞ்சுது. தண்ணி விட்டு அழுத்தம் பாத்துட்டாங்க. இனிமே உள்ள சுத்தம் பண்ணி, மூடி, கொளுத்தறது ஒண்ணுதான் பாக்கி. மேஸ்திரி கையில கால்ல விழுந்து லீவு கேக்கறேன். அவங்க வர்ற தேதியைச் சொல்லு." வைக்கப்போகும்போது சொன்னான். "வெளியூர் கிளம்பறேன்."

அவன் வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஒரு கீற்று அடித்துவிட்டு மறுபடி மழை மூடிக்கொண்டது. கழுத்தைச் சுற்றிப் பொறி பட்ட புள்ளிகள், புருவம் பாதி கருகியது. சட்டைக் காலரை மட்டும் பார்த்தாள். போன தடவை ரெட்டைத் துணி வைத்து அவள் தைத்துக் கொடுத்தது, உள்ளே ஒரு பொறிகூட இறங்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம். முட்டையும் ரொட்டியும் வெங்காயமும் வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். பை கதவோரம் நின்றது.

"இன்னிக்காவது அதைப் பிரிச்சுத் துணியை அலமாரில வையுங்களேன். வர்றவங்க பாப்பாங்க."

"இன்னும் கொளுத்தலம்மா" என்றான்.

பிரிக்க மாட்டான். கொளுத்தாமல் பையைப் பிரிப்பதும் கூடாது.

அதிகாரி மத்தியானம் வந்தாள். நடுத்தர வயசுப் பெண், மழைக்கோட்டை வாசலிலேயே உதறி மாட்டிவிட்டு, செருப்பை ஓரமாக விட்டு உள்ளே வந்தாள். சிடுசிடுப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். அலமாரியைத் திறக்கச் சொன்னாள். அம்மா துணி, பெண் துணி, தைத்து முடிந்த ஓவரால் கட்டு. ஆண்பிள்ளைத் துணி ஒன்றுகூட இல்லை.

"உங்க துணியெல்லாம் எங்க இருக்கு?"

"பையில மேடம்."

"இது உங்க வீடுதானே? அலமாரியில வைக்காம ஏன் பையில வச்சிருக்கீங்க?"

அவன் சடாரென்று கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி அதைப் பார்த்தாள். பேசாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மாசாமாசம் பணம் அனுப்பியிருக்கீங்க, பேங்க்ல பாத்தேன். பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கீங்க. கூரை வேலைக்கு ஷீட் வாங்கினது உங்க பேர்ல இருக்கு. இதெல்லாம் உங்களுக்குச் சாதகம்தான். ஆனா லீவுல நீங்க வேற எங்கயோ போறதா உங்க கம்பெனி சொல்லுது. அதனால உங்க வாயால ஒரு வாக்குமூலம் வேணும். வேலை இல்லாத நாள்ல எங்க இருப்பீங்க?"

"இங்கதான் மேடம் வருவேன்."

"விருந்தாளிகூட வருவான். இதுதான் உங்க வீடான்னு கேக்கறேன்."

மறுபடி கம்பி. இந்தத் தடவை ரெண்டு கையாலும்.

"என்ன பண்றீங்க நீங்க?"

பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அவன்தான் திக்கித் திணறி விளக்கினான். கொளுத்துகிற வரைக்கும் அந்தச் சொல் ஆகாது என்பதை, பிளந்த குழாயை, வெந்த முதுகை, டைம்கீப்பர் சொன்ன வெளியூரை. அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டாள்.

"சரி, புரியுது. ஆனா நான் எழுத வேண்டியது நீங்க சொல்றதை. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நாளைக்கு எழுதிக் குடுத்துடறேனே மேடம்?"

"இன்னிக்கு நான் ரிப்போர்ட் குடுத்தாகணும். ஆபீஸ் மூடறதுக்குள்ள. வேற எடம் வேற போகணும் நான்."

"இப்ப மூணு பேர் பாய்லர் உள்ள இருப்பாங்க மேடம். கடைசியா துடைச்சு எடுத்துட்டு வெளிய வரணும்."

"இது மூடநம்பிக்கைன்னு உங்களுக்கே தெரியாதா?"

"இருக்கலாம் மேடம்" என்றான் அவன். குரல் உயரவில்லை. "பொய்யாவே இருக்கட்டும். உள்ள இருக்கறது எங்க ஆளுங்க. எனக்குக் கெடைக்கப்போற பணத்துக்காக நான் வாயைத் திறந்தேன்னு ஆகிடக் கூடாது. அப்படி ஒண்ணு ஆகி, அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அதிகாரி அவனை விட்டுவிட்டுத் தையல்காரியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. வந்து பாருங்கன்னு ஆடிட்டர் மூலமா எழுதிக் கேட்டது நீங்கதானே? இது அவர் வீடா, இல்லையா?"

கடிதாசி வந்த நாளிலிருந்து தையல்காரி இதைத்தான் கண்ட ஆளிடமெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள். ஆடிட்டரிடம், பால்காரனிடம், துணிக்கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம். 'அது என் புருஷன் வீடு, என் புருஷன் வீடு.' இப்போது கேட்க வேண்டிய ஆளே வந்து கேட்கிறாள். நாக்கு நுனியில் நிற்கிறது. எதிரே அவன் நிற்கிறான், காது திறந்திருக்கிறது, கம்பியைப் பிடித்த கை வெளுத்திருக்கிறது. முட்டி வலியோடு பத்து வருஷமானாலும் போவான், இதை மட்டும் செய்ய மாட்டான். அட, என்ன மனுஷன் இவன்! கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. மார்பு நிறைந்துபோய், வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரு டீ சாப்பிடுங்க மேடம்" என்றாள்.

"டீயா?"

"ஈரத்துல வந்திருக்கீங்க. ஒரே நிமிஷம்."

அந்த ஒரே நிமிஷ டீயை அவள் போட்ட மாதிரி யாரும் போட்டிருக்க மாட்டார்கள். தூள் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது, அதைத் தேடினாள். பாலைச் சுடவைத்தாள், பொங்கப்போகும்போது அடுப்பைக் குறைத்தாள், ஆறினதும் திரும்ப வைத்தாள். கழுவின டம்ளரைக் கழுவினாள். "அம்மா, அந்தம்மா கடிகாரத்தைப் பாக்கறாங்க" என்று பெண் கிசுகிசுத்தாள். "பாக்கட்டும். நீ போய்ச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேட்டுட்டு வா. வந்துட்டு, திரும்பப் போய் டீ லைட்டா ஸ்ட்ராங்கான்னு கேளு."

அதிகாரி முட்டாள் இல்லை. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. டீ வந்ததும் ஊதி ஊதிக் குடித்தாள், தேவைக்கு மேலேயே ஊதினாள். டம்ளர் காலியானது. அதைக் கீழே வைத்து, ஃபைலை மூடி, எழுந்தாள்.

"நீங்க சொல்லாததை நான் எழுத முடியாதும்மா. மன்னிச்சுக்கங்க."

அவன் தலையை ஆட்டினான். "பரவால்ல மேடம். நீங்க உங்க வேலையைப் பாக்கறீங்க."

அவள் ஒரு கையை மழைக்கோட்டில் விட்டிருந்தாள். போன் அடித்தது. அவன் எடுத்து, அவசரத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் மேஸ்திரியின் தொண்டை கூடம் முழுக்க அலறியது.

"ஏப்பா! எல்லாரும் வெளிய வந்தாச்சு, மூடிக் கொளுத்தியாச்சு! அழுத்தம் ஏறி நிக்குது. உன் ஜாயிண்ட்டுல ஒரு கசிவு இல்ல, ஒரு சொட்டு இல்ல! ஆலை இஞ்சினியர் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு, யாரு இந்த வெல்டர்னு கேக்கறாருய்யா! எங்கய்யா இருக்க நீ?"

அவன் போனைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். பிறகு தன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"வீட்டுல" என்றான்.

சொல்லி முடித்ததும், பழக்கமில்லாத ஆள் மாதிரி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். "வீட்டுல இருக்கேன் மேஸ்திரி. என் வீட்டுல." போனை வைத்தான். "மேடம், எழுதிக்கங்க. இது என் வீடு. லீவு விட்டா நான் வர்றது இங்கதான். அந்தக் கூரை நான் போட்டது, இந்தக் கம்பி நான் பத்தவச்சது. பேரு அவ பேர்ல இருக்கு, இருக்கட்டும். நான் ஊர் ஊராப் போய் நெருப்புல நிக்கறது இந்த வீட்டுக்குத்தான். வேற எனக்குப் போக எடமும் இல்ல, போக இஷ்டமும் இல்ல."

அதிகாரி மழைக்கோட்டைக் கழற்றி வைத்தாள். உட்கார்ந்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். "சிமெண்ட் ஆலைப் படிக்கு வரி உண்டு, அதைக் கட்டிடணும்" என்றாள்.

"தாராளமா கட்டறோம் மேடம்" என்றாள் தையல்காரி.

"மத்ததுக்கு, இவருக்கு வீடு இருக்குன்னு நான் எழுதறேன். நான் எழுதினா மேல மாத்த மாட்டாங்க." வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கணம் நின்றாள். "டீ நல்லா இருந்துச்சு. கொஞ்சம் லேட்டு."

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் மூணு பேரும் நின்று பார்த்தார்கள். அவன் உள்ளே வந்து, கதவோரம் நின்ற பையைத் தூக்கி, அலமாரிக்கு முன்னால் வைத்து ஜிப்பை இழுத்தான். கருகின கையுறை, முகக் கண்ணாடி, அவள் தைத்த சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓவரால் கட்டை நகர்த்தி அவனுக்கு ஒரு தட்டு காலி பண்ணிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். துணியை ஊசிக்கடியில் வைத்தாள், மிதிக்கவில்லை.

"ஏங்க."

"ம்?"

"மேஸ்திரிகிட்ட எங்க இருக்கேன்னு சொன்னீங்க? மழைச் சத்தத்துல சரியா கேக்கல."

"வீட்டுல இருக்கேன்னு சொன்னேன்."

"எங்க?"

"வீட்டுலம்மா. நம்ம வீட்டுல."

அவளுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.